ஈரம் படாமல் சீவ வேண்டிய கிழங்கு

என் மாமாவுக்கு,

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை சமையற்கட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். உங்கள் மகள் நாலு நாளாகச் சோறு தொடவில்லை.

உங்கள் கருமாதிக்கு வடை, பாயசம், கோழிக்குழம்பு எல்லாம் படைத்தோம். இலையைப் பார்த்தவள், "அப்பாவுக்குப் புடிச்ச வூ தாவ் கோவ் எங்கம்மா? அதை வெக்காம நான் திங்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். ஹாங்காங் ஓட்டலில் ஏழு வருஷம் கரண்டி பிடித்து நீங்கள் கற்றுவந்த சேப்பங்கிழங்குப் பலகாரம். கிழங்குக்கு அந்த ஊர்ப் பேச்சில் வூ தாவ் என்று சொல்லி, அவளையும் அப்படியே கூப்பிட்டீர்கள். பக்கத்து வூட்டு அக்கா அதைக் கன்னடம் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று தடவை செய்துவிட்டேன் மாமா. நம் வழக்கப்படி கிழங்கைப் புளி போட்டு வேகவைத்து, தோலுரித்து, அரிசிமாவில் பிசைந்து ஆவியில் வைத்தேன். பசையாக வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "இது உன்னுது. அப்பாவுது இல்ல" என்று துப்பினாள். இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் ட்ரிப்ஸ் ஏற்றணும் என்கிறார் டாக்டர்.

அப்புறம்தான் நினைவு வந்தது. நீங்கள் கிழங்கை முதலில் வேகவைக்கவே மாட்டீர்கள். பச்சையாகச் சீவி, துண்டு போட்டு, எண்ணெயில் வதக்கி, அப்புறம்தான் மாவில் கலந்து ஆவியில் வைப்பீர்கள். "மண்ணைக்கூடக் கழுவாம சீவுறீங்களே, அரிச்சே சாவப் போறீங்க" என்று முகத்தை நொடித்துக்கொண்டு போய்விடுவேன். சாவு என்று சொன்ன இந்த வாயை எதைக்கொண்டு கழுவ? "தண்ணி படாம சீவுனா அரிக்காது புள்ள, வந்து பாரு" என்பீர்கள். ஏன் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை நான்?

காலையில் மாரண்டஹள்ளி சந்தையில் பெரிய கிழங்காகப் பார்த்து ரெண்டு வாங்கிவந்தேன். மண்ணைத் துணியால் துடைத்துக் கத்தி வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிழங்கும் கையும் நனைந்து, முழங்கை வரை தீயாக அரிக்கிறது. அய்யோ, இதுவும் போச்சே என்று உட்கார்ந்துவிட்டேன்.

வூ தாவ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா கை காஞ்சிருக்கும்மா" என்றாள். துண்டை எடுத்துவந்து என் கையைத் துடைத்தாள். பிறகு கண்ணையும் துடைத்தாள்.

இன்னும் ஒரு கிழங்கு மிச்சம் இருக்கிறது மாமா. இதைச் சீவி முடிக்கும்வரை அழமாட்டேன். உங்கள் இலையில் வைத்து, அவள் ஒரு வாய் விழுங்கும்வரை அழவே மாட்டேன். அதற்கப்புறம் என்னை எதுவும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வூ தாவின் அம்மா