கோழிக்கூட்டில் கிடந்த கயிறு

திண்டுக்கல்
12.8.2002

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு.

நம் கொல்லைக் கோழிக்கூடு ஞாபகம் இருக்கிறதா, நீ ஏழாவது படிக்கும்போது நாம் இருவரும் சேர்ந்து அடித்தது, ஆணியை நீட்டு என்றால் விரலையும் சேர்த்து நீட்டுவாய், கோழிகளுக்கெல்லாம் பள்ளிக்கூட சிஸ்டர்கள் பெயரை வைத்துவிட்டு ஞாயிறு பூசையில் அவர்களைப் பார்த்துச் சிரித்து அம்மாவிடம் அடி வாங்கினாய். அந்த நாளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அதே கூட்டில்தான் போன வியாழக்கிழமை பாம்பு புகுந்துவிட்டது, பயப்படாதே, யாரையும் தீண்டவில்லை. கோழி இடம் மாறாமல் முட்டையிட வேண்டுமென்று கூடையில் ஒரு முட்டையை விட்டுவைப்பாளே அம்மா, அதைத் தேடி வந்திருக்கிறது. காலையில் கையை விட்டவள், "இதுக்குள்ள கயித்தப் போட்டது யாரு?" என்று என்னைத் திட்டிக்கொண்டே தூக்கிப் பிடித்தாள். நாலடிச் சாரை. முட்டையை விழுங்கி மந்தமாகக் கிடந்ததால் தப்பித்தோம். பக்கத்து வீட்டு மாயக்காள்தான், "விடு மதினி, பாம்பு!" என்று கத்தினாள், அப்புறம்தான் அம்மா உதறினாள்.

மறுநாளே அரை அங்குலக் கம்பிவலை வாங்கி நாலு பக்கமும் அடித்தேன், அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் இறக்கி, எலி வளையைச் சிமெண்டால் அடைத்து, பக்கத்திலிருந்த விறகையும் தூரமாக அடுக்கிவிட்டேன். முட்டை எதுவும் இனி ராத்திரி கூட்டில் தங்காது. ஆணி எடுத்துத் தர நீ இல்லாமல் வாயில் கவ்விக்கொண்டேன்.

பாம்புக்கு வழி அடைத்தாயிற்று, பட்டப்பகலில் பாம்பைக் கயிறு என்றவளை என்ன செய்வது மகளே. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சித்திரையிலேயே ஆபரேஷன் சொல்லிவிட்டார், இவள்தான் டிசம்பரில் நீ லீவில் வந்த பிறகு பார்க்கலாம், அதுவரை பிள்ளையிடம் மூச்சு விடாதீங்க என்று சத்தியம் வாங்கிவிட்டாள். இவ்வளவு முற்றியிருக்கும் என்று எனக்கே தெரியாது. அடுத்து நல்ல பாம்பாக வந்தால்? எனக்குப் பயமாயிருக்கிறது ஜெஸ்ஸி. நீ நர்ஸ், உன் சொல்லுக்குத்தான் கட்டுப்படுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் இந்த மாதமே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று கண்டித்துச் சொல், மறந்துவிடாதே. நைட் டூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கு. மாதா உன் கூடவே இருப்பாளாக.

அன்பு அப்பா,
ராயப்பராஜ்

பி.கு. இவ்வளவையும் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் எழுதினேன், கோழிக்கூட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இப்போது கடிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஒட்டிருங்க" என்று கொடுத்தாள்.