மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன்

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். வாடகைக்குக் கேட்டு விண்ணப்பம் போட்டோமே, அந்த வீட்டு ஏஜென்ட் பதினோரு மணிக்கு வருகிறார். இந்த வீட்டை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தருவார்களாம். பாத்ரூம் சுவரில் பூத்திருந்த பூஞ்சையைத் தேய்த்துவிட்டேன், இடுப்பு போய்விட்டது. ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது.

நேற்றைய சண்டையைத் தொடர எனக்குத் தெம்பில்லை. "ரெண்டு பேர்னு சொன்னாத்தான் வீடு கிடைக்கும். ஏஜென்ட் வர்ற நேரத்துக்கு அப்பா பார்க்ல போய் உக்காரட்டும்" என்றீர்கள். மெதுவாகத்தான் பேசினோம் என்று நினைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால், மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். தன் படுக்கையைச் சுருட்டி ஒளித்துவிட்டார். பல் செட்டு டப்பாவைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆளு போனதும் சொல்லும்மா, வந்துடறேன்" என்றார்.

ஏஜென்டுக்குப் போன் போட்டுத் தூக்கத்திலிருந்து எழுப்பி, நாங்கள் மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன். "ஓனரைக் கேக்கணும், ஆனா வந்து பாக்கறேன்" என்றார். கிடைத்தால் கிடைக்கட்டும். என்னைத் திட்டுவதென்றால் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் திட்டுங்கள்.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: அலமாரிக்குப் பின்னால் நீங்கள் மறைத்து வைத்த மாமாவின் நாற்காலியை எடுத்துக் கூடத்தில் போடுங்கள்.

இன்னொன்று. செருப்பைக் கழற்றுங்கள் என்று மாமாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நீங்கள் வந்து சொல்ல வேண்டுமாம்.