நான் எழுதாத பதில்

என் பாசத்துக்குரிய அப்பா,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. இத்தனை நாள் உங்களை நினைத்து அழுதேன். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அழுகை வரவில்லை.

ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். பாசி பற்றிய அவருடைய புதுக் கட்டுரையின் பிரதி கேட்டு, கல்லூரி முகவரி கொடுத்துக் கார்டு போட்டிருந்தேன். கட்டுரையோடு கடிதமும் வந்தது. இரண்டு வருடம் முன்பு அவர் கொடுத்த ஆராய்ச்சி வேலையை நான் மறுத்ததில் வருத்தமாம். 'உங்கள் தந்தை இப்போது நலமா?' என்று கேட்டிருக்கிறார்.

எந்த வேலை, அப்பா? யார் மறுத்தது?

செம்பாக்கம் ஏரித் தண்ணீரைப் புட்டியில் அள்ளி, அதன் பாசியை வைத்து நான் டாக்டர் பட்டம் வாங்கியதைத் தாம்பரம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் நீங்கள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஐரோப்பாவில் இடம் தேடினோம். கல்லூரி நூலகத்துப் பத்திரிகைகளிலிருந்து முகவரிகளைக் குறித்து வருவேன். வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நீங்கள் அவற்றை மின்சார ரயிலில் எடுத்துப்போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷினில் டைப் அடித்து அனுப்புவீர்கள். நம் தெருத் தபாலை நம்ப முடியாது என்று பதில்களையும் ஆபீசுக்கே வரச் சொன்னீர்கள்.

"இன்னிக்கும் ஒண்ணும் வரலம்மா. வெள்ளைக்காரன் மெதுவாத்தான் எழுதுவான்" என்பீர்கள். நானும் நம்பினேன்.

பீரோவில் இருந்த உங்கள் ஃபைலைத் திறந்தேன். கார்பன் நகல் வைக்காமல் உங்களால் ஒரு வரி டைப் அடிக்க முடியாதே. நாற்பது விண்ணப்பங்களுக்குப் பின்னால், வரிசை நம்பரோடு அதுவும் இருந்தது. என் தந்தைக்கு இதய நோய், அவரை விட்டு வர இயலாது என்று என் பெயரில் நீங்கள் எழுதியது.

அது உண்மையா? நீங்கள் மாரடைப்பில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விழுந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. முன்பே தெரியுமா? இல்லை, என்னை அனுப்ப மனமில்லாமல் சொன்ன சாக்கு பலித்துவிட்டதா? டாக்டர் சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று பீரோ முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை.

சொல்லியிருந்தால் நானே போகாமல் இருந்திருப்பேன். போயிருப்பேனோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு நீங்கள் இடம் விடவில்லை.

பேராசிரியர் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். நேற்று கார்பனை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் போனா தனியா இருப்பியாம்மா?"

"கஷ்டமாத்தான் இருக்கும். நீ போய்ட்டு வா."

இதைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை, அப்பா.

போகிறேன். உங்கள் மேல் கோபத்தோடுதான் போகிறேன். ஒரு நாள் உங்களை மன்னிப்பேன், இது சத்தியம். இன்றைக்கு முடியவில்லை.

உங்கள் ஒரே மகள்,
எஸ்தர்