ஒரு சொட்டு கூட உள்ளே வரக் கூடாது

23.10.2009, வெள்ளி

காலையில் நல்ல வெயில். சாயங்காலம் சிதம்பரத்தில் ஆபீஸ் விட்டுத் திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் பேய்மழை. என் பழைய ஹெரால்டு காரின் முன்கண்ணாடி இடது மேல் மூலையில் சொட்ட ஆரம்பித்தது. பிறகு ஊற்றவே ஆரம்பித்துவிட்டது. கூட வேலை பார்க்கும் வசந்தா மேடம் வண்டிக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டார். பின்சீட்டில் மற்ற இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கால்மிதியைத் தூக்கியதும் சிரிப்பு போய்விட்டது. தரைத் தகடு முழுக்கத் துரு. விரலை வைத்தால் உதிர்கிறது.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்லிக்குப்பத்துக்காரரு வண்டிய இன்னும் வெலைக்குக் கேட்டுகிட்டேதான் இருக்காரு. குடுத்துடலாம் மல்லி."

"கண்ணாடி ரப்பர மாத்துனா சரியாப் போயிடும்."

"மாத்தியும் ஒழுவுனா?"

"ஒரு சொட்டு வந்தாலும் அவருக்கே குடுத்துடுங்க."

என் வாய்க்குப் பூட்டு இல்லை. சொல்லியாயிற்று. வராவிட்டால் விற்கிற பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். "சரி" என்றார், உடனே. அந்த உடனேதான் எரிச்சல்.

24.10, சனி

தூறல். துணி காயவில்லை.

நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் காசில் வாங்கிய வண்டி. வயசு என்னைவிட ரெண்டு குறைச்சல். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வாரம் மூன்று நாள் நாங்கள் நாலு பெண்கள், பஸ்ஸில் இடி வாங்காமல். அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை. இதை விற்கவா?

இவருக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நினைப்பு. பார்ப்பது வண்டியை.

25.10, ஞாயிறு

வெயில். பழைய ரப்பரை பிளேடால் அறுத்து எடுத்தேன். காய்ந்த கொட்டாங்கச்சி மாதிரி ஒடிந்தது. கண்ணாடியை நானும் பக்கத்து வீட்டு டெய்சி அக்காவும் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் போட்டோம், கீழே போர்வை விரித்து.

"கண்ணாடி கட்டில்ல படுத்துகிச்சு. நீங்க ரெண்டு பேரும் எங்க படுப்பீங்க?" என்றார் அக்கா. இவர் முகம் சிவந்து வெளியே போய்விட்டார்.

சட்டத்தைச் சுற்றித் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. வண்டி தார்ப்பாய்க்குள்.

27.10, செவ்வாய்

பஸ். நின்றுகொண்டே. கண்டக்டர் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தார்.

மத்தியானம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிக் கண்ணாடி மாட்டும் பாயிடம் போனேன். மீட்டர் கணக்கில் தொங்கும் ரப்பரைக் காட்டிக் கேட்டேன்.

"அது வேன் ரப்பரும்மா. உங்க வண்டி மூலையில மடங்கிக்கும். இந்த வண்டிக்குன்னே மோல்டு போட்டது மெட்ராஸ்ல கெடைக்கும், சொல்லி அனுப்புறேன்."

"நீங்க வந்து மாட்டித் தருவீங்களா?"

"அந்தக் கண்ணாடி ஒடைஞ்சா வேற கெடைக்காதும்மா. எனக்கு வேணாம் அந்தப் பாவம்."

மாட்டும் விதம் மட்டும் சொன்னார். முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். ரப்பரின் வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, இரண்டு முனையும் வண்டிக்குள்ளே தொங்கும்படி கண்ணாடியைப் பொருத்த வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறிக்கொள்ளும். இன்னொருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர வேண்டும். நைலான் கயிறு ரப்பரை அறுத்துவிடும். நூல் நாடாதான் நல்லது.

நூல் நாடாவுக்கு எங்கே போவது? பீரோவில் பாவாடை நாடா ஒரு கட்டு இருக்கிறது.

31.10, சனி

மெட்ராஸ் பார்சல் வந்துவிட்டது. ரப்பர், அதன் மேல் ஓடும் வெள்ளிப் பட்டை (பாய் பாஷையில் பீடிங்). ரப்பர் வாசனை வீடு முழுக்க. எனக்குப் பிடித்திருக்கிறது.

நாளைக்கு: நாடா. சோப்புத் தண்ணி. பழைய துண்டு நாலு. உள்ளே உட்கார ஆள்.

ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. "நான்தான் உக்காரணும்போல" என்று இவரே முனகினார்.

1.11, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை.

காலை பத்து மணிக்கே ரப்பரை மொட்டைமாடி வெயிலில் போட்டேன். பன்னிரண்டுக்கு வாழைநார் மாதிரி வளைந்தது. கண்ணாடிக்கு மாட்டி, நாடா ஓட்டி, எல்லாம் தயார். இவர் காலண்டரைக் கிழிக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பன்னெண்டுலேருந்து ஒன்றரை எமகண்டம். கண்ணாடி வெக்கற வேலைய எமகண்டத்துலயா ஆரம்பிப்பாங்க?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இருப்பது ஒரே கண்ணாடி. எனக்கும் உள்ளுக்குள் பயம். சரி என்று காத்திருந்தேன்.

ஒன்றரைக்கு மேகம். குளிர்காற்று. ரப்பர் விறைத்துவிட்டது. இவர் உள்ளே உட்கார்ந்து பாவாடை நாடாவை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். கீழ்ப்பக்கம் ஏறியது. இடது மேல் மூலையில் உதடு உள்ளே மடிந்துகொண்டது. கண்ணாடி கிறீச் என்றது.

"நிறுத்துங்க!"

நிறுத்தினார். இரண்டு பேரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று தேடினோம். விரிசல் இல்லை. கழற்றிவிட்டோம். மூலையில் ரப்பரின் உதடு நகம் அளவு கிழிந்திருக்கிறது. கட்டிலில் மறுபடி கண்ணாடி. நாங்கள் பாயில்.

நல்ல நேரம் பார்த்துக் கெடுத்தோம்.

2.11, திங்கள்

பஸ். மழை. இன்றும் நின்றுகொண்டுதான்.

வ. மேடம்: "எப்ப மல்லிகா வண்டி?" வரும் என்றேன்.

கிழிசலை ரப்பர் சொல்யூஷன் வைத்து ஒட்டினேன். சைக்கிள் கடைக்காரர் பஞ்சருக்கு ஒட்டுகிற அதே கறுப்புப் பசை. பிடித்தது மாதிரிதான் தெரிகிறது.

8.11, ஞாயிறு

வெயில்! ஒரு வாரத்துக்குப் பிறகு.

பன்னிரண்டு மணிக்கு ரப்பர் கையைச் சுட்டது. "இப்பவே" என்றேன்.

"மல்லி, எமகண்டம்."

"எமன் வந்தா அவரையும் ஒரு கை புடிக்கச் சொல்லுங்க. ஆளு ஜாஸ்தி இருந்தா நல்லதுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் டெய்சி அக்கா சிரித்துவிட்டார். இவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறினார். "எது ஆனாலும் நான் பொறுப்பில்ல" என்று உள்ளேயிருந்து குரல்.

இந்த முறை நாடாவை முழங்கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். நான் வெளியே தட்டிக்கொண்டே வந்தேன். அவர் இழுக்கிற இடத்துக்கு நேரே என் கை. என் கை நகர, அவர் நகர. கண்ணாடி வழியாக அவர் முகம் இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலம். நெற்றியில் வியர்வை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இழுக்கிறார், பரீட்சை எழுதுகிற பையன்போல. இடது மூலையில், "மெதுவா, மெதுவா தட்டு, வருது வருது." நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

கடைசி இழுப்பில் நாடா கையோடு வந்துவிட்டது. கண்ணாடி உட்கார்ந்துவிட்டது!

அக்கா கை தட்டினார். இவர் நாடாவைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, "பாத்தியா?" என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு முறை வாசலுக்குப் போய்க் கண்ணாடியைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

10.11, செவ்வாய்

பீடிங் போட ஒரு சாயங்காலம் முழுக்க. ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் பிதுங்குகிறது. பழைய சைக்கிள் ஸ்போக்கை வளையமாக வளைத்து நெம்பினேன். வந்தது. கட்டைவிரலில் கொப்புளம். வெள்ளிப் பட்டை மின்னுகிறது. ராத்திரி ரசம் மட்டும்.

14.11, சனி

விடியும்போதே கறுத்துக் கிடந்தது. "இன்னைக்குப் பாத்துடலாம். நானே வர்றேன்" என்றார். நடுவர் வேலை.

சிதம்பரம் வரை போய்த் திரும்பினோம். அவர் உட்கார்ந்தது இடது சீட்டில், அந்த மூலைக்கு நேர் கீழே. போகும்போது லேசாக. திரும்பும்போது, அதே ஆலப்பாக்கத்தில், வைப்பர் திணறுகிற மழை. எனக்கு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"வருதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"வருதாங்க?"

"ஒண்ணும் வரல. ஆவிதான் படியுது."

கைக்குட்டையை எடுத்து மேலே துடைத்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி. வீடு வந்ததும் எனக்கு முன்னால் இறங்கி, கால்மிதியைத் தானே தூக்கிக் காட்டினார். காய்ந்திருந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அசடு.

15.11, ஞாயிறு

வெயில். துவைக்க மலையளவு.

காலையில் நெல்லிக்குப்பத்துக்காரர் போன். இவர் கூடத்தில் நின்று தெரு கேட்கிற மாதிரி பேசினார். "விக்கிற ஐடியா இல்லீங்க. நானே கூட இருந்து மாட்டுன கண்ணாடிங்க அது. அவ்ளோ மழையில ஒரு சொட்டு உள்ள வரலீங்க."

இவர் பேண்ட் பாக்கெட்டில் நேற்றைய கைக்குட்டை. பந்தாகச் சுருட்டி, இன்னும் நனைந்தபடி. பிரித்தேன். நடுவில் கறுப்பாக நீளக் கோடு. ஆவியைத் துடைத்தால் கறுப்பு வராது. அது என் ரப்பர் சொல்யூஷன்.

வண்டிக்குப் போய் இடது மேல் மூலையில் விரலை வைத்தேன். ஈரம்.

கறை இரண்டு முறை சோப்பு போட்டும் போகவில்லை. மாடியில் காயப்போட மனம் வரவில்லை, குளியலறைக்குள்ளேயே காய்கிறது.

புதன்கிழமை இவர் விழுப்புரம் போகிறார். அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அந்த மூலையை மட்டும் பிரித்து மறுபடி உட்காரவைக்க வேண்டும். டெய்சி அக்கா நாடாவைப் பிடிக்கிறேன் என்றிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு. புதன் பன்னிரண்டிலிருந்து ராகு காலம். வெயில் இருக்கும்.