அண்ணன் பிடித்த டார்ச்

பொம்மிடி
9.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும். வயிறு எரிகிறவள் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். போனில் கேட்கலாம் என்றால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நீங்களும் "சாப்புட்டியா மேகலை?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று உங்கள் ஸ்டேட்டஸ் பார்த்தேன். குழித்தட்டு முழுக்கத் தக்காளி நாற்று, மேலே பளிச்சென்று வெள்ளை விளக்கு. வெளிச்சம் புதிதாக இருந்தால் என்ன, அந்த விளக்கின் தகரக் கூட்டு மூலையில் இருக்கும் நசுங்கல் எனக்குத் தெரியாதா? நான் கீழே போட்டு நசுங்கியது. வீட்டுக்குள்ளேயே செடி வளர்க்க நான் ஆசைப்பட்டு வாங்கிய விளக்கு அது. அதன் ஊதா வெளிச்சம் மங்கி, பாதி எல்இடி செத்து, உள்ளே இருந்த விசிறி கடகடவென்று கத்தியபோது ஒரு வருடம் அண்ணனிடம் கெஞ்சினேன். "ஊரு மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டறீங்க, இத ஒரு தடவ பாருங்கண்ணா" என்றேன். "இதெல்லாம் தூக்கிப் போடற சாமான், வுடு" என்றார். அந்த வெறுப்பில்தான் ஆடிக்கு வந்தபோது உங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்டதும் அது தூக்கிப் போடுகிற சாமான் இல்லை என்று ஆகிவிட்டதா, அண்ணி?

மணிமேகலை


இண்டூர்
14.11.2025

அன்பு மேகலை,

உன் கடிதத்தை அவர் கண்ணில் படாமல் படித்தேன். சிரித்தும்விட்டேன். உன் அண்ணனைப் பற்றி இவ்வளவு பெரிதாக நினைக்காதே. விளக்கை மாற்றியது அவர் இல்லை, நான்.

இங்கே விடாத மழை மூட்டம். வெயில் இல்லாமல் நாற்றெல்லாம் வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்துவிட்டது. பரணில் கிடந்ததை இறக்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஊதா போர்டைக் கழற்றிவிட்டு, ஒரு அலுமினியத் தகட்டில் சூடு இறங்கும் பசை தடவி வெள்ளை எல்இடி போர்டை உட்கார வைத்து, நானே சால்டரிங் வைத்தேன். உன் அண்ணன் செய்த ஒரே உதவி, மோட்டார் நினைப்பில், எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவரைப் பெரிதாக மாட்டி முதல் போர்டைப் பொசுக்கியது. அதற்குப் பிறகு நான் அளவு பார்த்து வேறு டிரைவர் வாங்கினேன். அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் மட்டும் பிடிக்கச் சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இப்படியே சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று.

இனி உன் மனம் ஆறும் என்று நினைக்கிறேன்.

உன் அன்பு அண்ணி,
நிர்மலா


பொம்மிடி
19.11.2025

அண்ணிக்கு,

ஆறவில்லை. முன்னைவிட எரிகிறது.

விளக்கைச் சரிசெய்து கொடுத்தார் என்று நினைத்திருந்தபோதுகூட ஒருவிதமாகப் பொறுத்துக்கொண்டேன். டார்ச் பிடித்தார் என்று எழுதினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தால் டீ ஆறும்வரைதான் உட்காருவார். அதுவும் வண்டிச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே பேசுவார். உங்களுக்கு மட்டும் இரண்டு ஞாயிறு கை வலிக்க டார்ச் பிடித்திருக்கிறார்!

என் விளக்கை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். கார்த்திகைச் சீர் என்று புடவையும் பொரியும் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டாம், சீரே வேண்டாம். விளக்கு வராவிட்டால் பொங்கலுக்கும் நான் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

மணிமேகலை


இண்டூர்
25.11.2025

மேகலை,

இந்த முறை உன் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். கோபிக்காதே. படித்துவிட்டு, "நானு டீ ஆறற வரைக்குந்தான் உக்கார்றனா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அன்று அவர் கடை திறக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்த விளக்கில் உன்னுடையது என்று மிச்சம் இருப்பது அந்த நசுங்கிய கூடு மட்டும்தான். அதற்காக உன்னோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை. நாற்றும் நடவுக்குப் போய்விட்டது. விளக்கும் இந்தக் கடிதமும் நாளைக்கு வரும், தூக்கிக்கொண்டு வருவது உன் அண்ணனே. கழற்றிய பழைய சாமானை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், அதையும் எடுத்துக்கொண்டார். டார்ச்சையும் பைக்குள் வைத்தார்.

மாட்டிக் கொடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறிவிடுவார்.

அன்புடன்,
அண்ணி


பொம்மிடி
1.12.2025

என் அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல்!

விளக்கை மாடி அறையில் மாட்டி, அதன்கீழ் மிளகாய் விதையும் போட்டாயிற்று. அண்ணன் மறுநாளே கிளம்பினார்தான். நான்தான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, "இத வச்சு இன்னொரு வெளக்கு பண்ணலாமாண்ணா?" என்றேன். அவ்வளவுதான், பையைக் கீழே வைத்துவிட்டார். தர்மபுரிக்குப் போய் வெள்ளை போர்டு வாங்கி வந்தார். பழக்கதோஷம், ஒன்றைப் பொசுக்கினார். அப்புறம் நான் சால்டரிங் வைத்தேன், அவர் டார்ச் பிடித்தார். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை, அண்ணி.

நேற்று களியும் கொள்ளுக் குழம்பும் செய்தேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இந்தக் கைப்பக்குவம் எங்க வூட்டுல வராது" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே!

உங்கள் செல்ல நாத்தனார்,
மேகலை


இண்டூர்
4.12.2025

மேகலை,

நேற்று கார்த்திகை. அகல் விளக்கையெல்லாம் நான் ஒருத்தியாகவே ஏற்றினேன். காற்றில் அணைந்ததை மறுபடி ஏற்ற மனம் வரவில்லை.

அவர் போன் செய்தார். பேசியதெல்லாம் உன் விளக்கைப் பற்றித்தான். நீ வைக்கிற சால்டரிங் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறதாம். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மறந்துவிட்டார்.

கடை பூட்டிக் கிடக்கிறது, மோட்டார்காரர்கள் வந்து வந்து திரும்பிப் போகிறார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது சாக்கு. எனக்கு வயிறு எரிகிறது. உன் முதல் கடிதத்தைப் படித்துச் சிரித்தவள் நான். இன்று அதை எடுத்துப் படித்தேன், சிரிப்பு வரவில்லை.

இரண்டு விளக்கையும் நீயே வைத்துக்கொள். அவரை அனுப்பிவிடு. பொங்கலுக்கு வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, உன் அண்ணனோடு உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் பிரித்து மாட்டு. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நிர்மலா

பி.கு.: அந்த டார்ச் எங்கள் வீட்டுடையது. மறக்காமல் அவர் பையில் வை.