சாம் படம் நீக்கப்பட்டது

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஜவுளிக்கடைக்கு லீவு சொல்லியாயிற்று. சாமைக் காணவில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் "அக்கா, இப்போ வாறேன்" என்று குடை கூட எடுக்காமல் இறங்கிப் போனான். என் தம்பிக்கு நாற்பது வயதாகப் போகிறது, மனசு மட்டும் பிள்ளை மனசு. வீட்டு விலாசம் சொல்லத் தெரியாது. வலிப்பு மாத்திரை தவறினால் நின்ற இடத்தில் விழுவான். ரோடோ, குளமோ, எங்கே விழுவானோ. கர்த்தாவே.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். பிறகு பாறசாலை, நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி. கண்டக்டர் ஒருத்தன் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "கண்டில்ல சேச்சீ."

மத்தியானம் என் வீட்டுக்காரர் ஊர்க்குழுவில் படம் போட்டார். கொல்லயில் ஊர் முதல் மலையோர அம்பூரி வரை எல்லாரும் போனில் பார்க்கிற குழு. நீலச் சட்டை, புருவத்தில் தழும்பு, என் நம்பர். மளமளவென்று பகிர்ந்தார்கள். கொஞ்சம் உயிர் வந்தது. சாயங்காலம் பார்த்தால் பதிவே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

'பலர் புகார் செய்ததால் நீக்கப்பட்டது.' இவர் கணக்கும் ஒரு வாரம் முடக்கம். காணாமல் போனவன் படத்தில் என்ன புகார்?

என் கணக்கிலிருந்து போட்டுப் பார்த்தேன். நீக்கிய பதிவாம், ஏற்காதாம். படத்தை மாற்றினேன், எழுத்தை மாற்றினேன். திரும்பத் திரும்ப அதே சிவப்பு எழுத்து.

குழுவை நடத்துகிற பாபு ஷார்ஜாவில். போன் போட்டேன்.

"அக்கா, எனக்க கையில ஒண்ணும் இல்ல. கொறெ பேரு புகார் அமுக்கினா அதுவே தூக்கிரும். மேல எழுதிப் போட்டிருக்கேன்."

"மேலன்னா யாருலே?"

"அது எனக்கும் தெரியாதுக்கா."

மேலேயிருந்து பதில் வந்துவிட்டது. மறுபடி பரிசீலித்தார்களாம், நீக்கியது சரிதானாம். எவன் பரிசீலித்தான்? கத்தவேண்டும் போல் இருந்தது. யாரிடம் போய்க் கத்த.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, போனுக்கு சார்ஜர் வயர். இவர் ஒன்றும் சாப்பிடவில்லை, நானும்.

ஜூன் 11, புதன்

தூறல். சித்தி ஜெபிக்க வந்தாள். அம்மா போனபிறகு சாமுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள். முழங்காலில் நின்று அழுதாள். எழுந்ததும் பதிவு போன கதையைச் சொன்னேன். சித்தி முகம் வெளிறிவிட்டது.

"மக்கா, அது நானும் அமுக்கினேனே!"

கமிட்டிக்காரர்கள் சபை மண்டபம் கட்டுகிற விஷயத்தில் இவர் குழுவில் அடிக்கடி கேள்வி கேட்பார். அவர்களுக்கு ஆகாது. இவர் எதை எழுதினாலும் கமிட்டி செயலாளர் ஜெபக்குழுவில் லிங்க் போடுவாராம். எல்லாரும் புகார் அமுக்கிவிட்டுக் கீழே 'ஆமென்' என்று போடுவார்களாம். திங்களும் அப்படித்தான்.

"ஒனக்க மாப்பிள பேரு மட்டும் கண்டேன். பின்னையும் சபையச் சொல்லி ஆக்கும்னு நெனச்சிட்டேன். படத்தெ நோக்கல்ல மக்கா. கண்ணாடியும் கையில இல்ல."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்காமலே போனாள். போகட்டும் என்றுதான் இருந்தது, அப்புறம் பாவமாகவும் இருந்தது.

செயலாளரைக் கூப்பிட்டேன்.

"ஒருத்தரு கூடவா வாசிச்சுப் பாக்கல்ல?"

"தப்பாப் போச்சு மோளே. நானும் பேரத்தான் கண்டேன். இப்போ எல்லார்ட்டயும் திரும்ப எடுக்கச் சொன்னேன். அமுக்கினத எடுக்க வழி இல்லியாம்." பிறகு, "ஞாயிற்றுக்கிழமை விசேஷ ஜெபம் வைக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை! போனை வைத்துவிட்டேன்.

இவர் நோட்டீஸ் அடித்து மலைப்பக்கம் போகிற பஸ்களில் ஒட்டப் போனார். நான் வாசலுக்கும் போனுக்குமாக.

ஜூன் 12, வியாழன்

வெயில். கடை முதலாளி, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பதினொரு மணி வாக்கில் போன். அம்பூரியில் சாயாக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா. பஸ்ஸில் நோட்டீஸைப் பார்த்தாளாம்.

"செவ்வாய்க்கிழம இந்தப் பையன் எனக்க கடையிலதான் இருந்தான் மோளே. மழை நனஞ்சு வந்தான். பழம்பொரி குடுத்தேன், தின்னான்."

"பின்னெ ஏம்மா விளிக்கல்ல?"

"மொதல் நாளு போன்ல படம் கண்ட ஓர்மை உண்டு. நம்பர் எடுக்கலாம்னு தொறந்தேன், பதிவக் காணல்ல. ஆளு கிட்டியாச்சு, அதாக்கும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அவன் எழுந்து ரப்பர் தோட்டம் வழியா மேல நடந்தான். வீட்டுக்குத்தான் போறான்னு விட்டுட்டேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"அப்போ இன்னும் கிட்டல்லியா மோளே?"