அறிவித்தலில் உன் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

அக்காவை நேற்றுச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டோம். "இயக்கத்திலை இருந்தவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் முடியுங்கோ" என்று போனில் சொன்னாய். அப்படி முடிக்க எனக்கு மனமில்லை.

சேமக்காலை வாசலில் சிவில் உடுப்பில் இரண்டு புலனாய்வுக்காரர் நின்று, வருகிறவர்களின் பெயர்களை எழுதினார்கள். எதற்கென்று உனக்குத் தெரியும். எங்கள் ஆண்கள் மதிலோடு ஒதுங்கிவிட்டார்கள். அக்காவோடு களத்தில் நின்ற ஆறு பெண்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். ஒருத்திக்குப் பொய்க்கால். மற்ற ஐந்து பேரும் அவளுடைய நடைக்கே நடந்தார்கள். பெட்டி ஒருமுறைகூடச் சரியவில்லை. வாசலைக் கடக்கும்போது அவள் நின்று, "என்ரை பேரை முழுசா எழுதுங்கோ" என்றாள்.

மரண அறிவித்தலில் உன் பெயர் வேண்டாம் என்றும் சொன்னாய். போட்டிருக்கிறேன்.

வன்னியில் இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த அன்று, நீ தண்ணீர் இல்லாத பீப்பாவுக்குள் குந்தியிருந்தாய். "தம்பியைத் தேடாதேங்கோ, நான் வாறன்" என்று அக்கா படியிறங்கினாள்.

அச்சகத்தில் உன் பெயருக்குப் பின்னால் 'அன்புச் சகோதரி' என்று போட்டிருந்தார்கள். அதை வெட்டிவிட்டு, 'இவருக்குப் பதிலாகப் போனவர்' என்று எழுதிக் கொடுத்தேன். குருநகர்ச் சந்தியெல்லாம் ஒட்டியிருக்கிறது.

உங்கள் இருவருக்கும்
அம்மா